அத்திப்பழம் போன வழி

ஒரு காட்டில், மேகம் வந்து படியும் மலைச் சரிவில், மூன்று கரடிகள் கைகோத்து நின்றாலும் சுற்றிப் பிடிக்க முடியாத ஒரு நாவல் மரம் நின்றது. அதன் உச்சிப் பொந்தில் ஓர் இருவாச்சிக் குடும்பம் குடியிருந்தது. கணவன் பெயர் கம்பீரன். மனைவி பெயர் நாச்சி.

இருவாச்சி என்றால் ஏதோ சின்னக் குருவி என்று நினைத்துவிடாதீர்கள், குழந்தைகளே. மூக்கே ஒரு சாண் நீளம் இருக்கும். அந்த மூக்கின் மேல் இன்னொரு மூக்கை எடுத்துக் கவிழ்த்தாற்போல ஒரு கொண்டையும் இருக்கும். கம்பீரனுக்கு அந்தக் கொண்டையில் அளவுகடந்த பெருமை. யாராவது அதைப் பார்த்து மரியாதையாக இரண்டு வார்த்தை பேசிவிட்டால் போதும், அவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிடுவான். மற்றபடி தங்கமானவன்.

இந்தப் பறவைகளின் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை பொந்துக்குள் போய் உட்கார்ந்து, வாசலை மண் பூசி அடைத்துக்கொள்ளும். மூக்கு நுழைகிற அளவுக்கு ஒரு சந்து மட்டும் விட்டு வைக்கும். உள்ளே அதன் இறகெல்லாம் உதிர்ந்துவிடும். புது இறகு முளைக்கும்வரை மூன்று நான்கு மாதம் அதனால் பறக்க முடியாது. கணவன்தான் பழம் கொண்டுவந்து சந்து வழியாக ஊட்ட வேண்டும்.

கம்பீரன் ஏழு வருஷமாக அலுக்காமல் ஊட்டியவன்தான். ஆனால் அந்த வருஷம் அவனுக்கு ஒரு கவலை வந்தது. இன்னும் எத்தனை வருஷம் இறக்கை இப்படி ஒத்துழைக்கும்? பறக்க முடியாத காலத்தில் இரண்டு பேரும் எதைத் தின்பது? ஏழு வருஷமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்து உலர்த்திய அத்திப்பழம் ஒரு பொந்து நிறைய இருந்தது. அது சும்மா கிடந்து என்ன பயன், எங்காவது போட்டால் பெருகுமே என்று யோசித்தான்.

அந்தக் காட்டில் அப்படிப் போட இரண்டு கூட்டுகள் இருந்தன. கூட்டு என்றால் வேறொன்றுமில்லை. எல்லோரும் தங்கள் சேமிப்பை ஓரிடத்தில் போடுவார்கள், ஒருவர் அதை வைத்து ஏதாவது வேலை நடத்துவார், கிடைப்பதைப் பங்கு போட்டுக் கொடுப்பார். நாச்சி வாசலை அடைப்பதற்கு முன் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"ரெண்டு இடத்துக்கும் போங்க. உக்காந்து பேசிட்டு மட்டும் வந்துடாதீங்க. நம்ம பழத்தை வெச்சு என்ன வேலை செய்றாங்கன்னு கண்ணால பாத்துட்டு வாங்க."

முதலில் கம்பீரன் தேவாங்காரின் கூட்டுக்குப் போனான். தேவாங்கார் ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குப் போக ஒரு காலைப்பொழுது எடுத்துக்கொள்பவர். பேச்சும் அதே வேகம்தான். வெட்டவெளியாய்க் கிடந்த சரிவில் அவர் வரிசை வரிசையாக நாற்று வைத்திருந்தார். நாற்று என்றுகூடச் சொல்ல முடியாது, மண்ணில் இரண்டு இலை எட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். பங்கு எப்போது கிடைக்கும் என்று கம்பீரன் கேட்டான். தேவாங்கார், "முதல்... வருஷம்..." என்று ஆரம்பித்தார். இரண்டாம் வருஷத்துக்கு வருவதற்குள் கம்பீரன் தூங்கிவிட்டான். கண்விழித்தபோது அவர் ஐந்தாம் வருஷத்தில் இருந்தார். கம்பீரன் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டான்.

அடுத்தது கீரியாரின் கூட்டு. வாசலிலேயே ஒரு பெரிய பலகை. அதன்மேல் பச்சை இலைகளை நெருக்கி நெருக்கிப் பின்னி, நடுவில் 'பசுஞ்சோலைப் பெருங்கூட்டு' என்று எழுதியிருந்தது. கம்பீரன் இறங்கியதும் கீரியார் எழுந்து நின்றார். கொண்டையைப் பார்த்துக் கைகூப்பினார்.

"நம்ம கூட்டுல எல்லாரும் இருக்காங்க. கொண்டை வெச்ச பெரிய மனுஷங்க ஒருத்தர்கூட இல்லையேங்கிறதுதான் எனக்கு ஒரே குறை" என்றார்.

கம்பீரனின் கொண்டை தானாக நிமிர்ந்தது. ஐந்து வருஷமெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை, இன்று போட்டால் அடுத்த பௌர்ணமிக்கே ஒரு கூடை நாவற்பழம் வீடு தேடி வரும் என்றார் கீரியார். கம்பீரன் விவரமானவனைப் போல ஒரே ஒரு கேள்வி கேட்டான். இந்தக் கூட்டு காட்டுக்கு நல்லதுதானா?

கீரியார் பலகையைக் காட்டினார். கம்பீரன் பலகையைப் பார்த்தான். அதைவிடப் பச்சையாக ஒன்றை அவன் பார்த்ததே இல்லை. அன்று சாயங்காலத்துக்குள் ஏழு வருஷத்து அத்திப்பழமும் கீரியாரின் வளைக்குள் போய்ச் சேர்ந்தது.

சொன்னபடியே பௌர்ணமிக்குக் கூடை வந்தது. கம்பீரன் பழங்களை ஒவ்வொன்றாகச் சந்து வழியாக ஊட்டினான். ஊட்டும்போதே தன் சாமர்த்தியத்தையும் சேர்த்து ஊட்டினான். நாச்சி பழத்தை மட்டும் தின்றாள்.

இரண்டாவது கூடை வந்தபோது உள்ளிருந்து மூக்கு மட்டும் வெளியே நீண்டது.

"என்னங்க, பழத்தோட காயும் வருது, பிஞ்சும் வருது, பூகூட வருதே. பறிக்கிறவங்க பழுத்ததைத்தானே பறிப்பாங்க?"

நிறையக் கொடுக்கிற இடத்தில் நாலு பிஞ்சு சேர்ந்து வரத்தான் செய்யும் என்று கம்பீரன் சமாதானம் சொன்னான். மூன்றாவது கூடையில் பழத்துக்கு நடுவே பிய்ந்துபோன ஒரு குருவிக் கூடு கிடந்தது. அதை நாச்சி சந்து வழியாக வெளியே தள்ளினாள். இந்தப் பழமெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று போய்க் கேட்டுவிட்டு வரச் சொன்னாள். அடைத்த பொந்துக்குள் உட்கார்ந்திருப்பவளுக்கு ஏன் இத்தனை சந்தேகம் என்று கம்பீரன் முணுமுணுத்துக்கொண்டே போனான். திரும்பி வரும்போது மூக்கில் ஒரு பெரிய பச்சை இலை இருந்தது. அதன் நடுவில் கீரியாரின் பாத முத்திரை. இந்தக் கூட்டு முழுக்க முழுக்கப் பசுமையானது என்பதற்கு அத்தாட்சியாம்.

நாச்சி ஒரு கண்ணால் அதைப் பார்த்தாள். "இலை பச்சையாத்தான் இருக்கு. நான் கேட்டது பழத்தை" என்றாள்.

கம்பீரனுக்குக் கோபம் வந்துவிட்டது. காடு முழுக்கப் பறப்பவன் நானா நீயா என்று கேட்டுவிட்டுப் போய் வேறு கிளையில் உட்கார்ந்துகொண்டான். கேட்டபின் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஆனால் அதை ஒப்புக்கொள்ளக் கொண்டை விடவில்லை.

முட்டை பொரிந்தது. குஞ்சு கீச்சிட ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் கம்பீரன் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து வாய் நிறையப் பழத்தோடு திரும்பி வந்தான். தூரத்தில் வரும்போதே அவனுடைய நாவல் மரம் ஆடுவது தெரிந்தது. காற்றே இல்லை.

மரத்தடியில் யானையார் நின்றார். நெற்றியை அடிமரத்தில் வைத்து, கண்ணை மூடி, நிதானமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்து வேர் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வந்திருந்தது. கொஞ்சம் தள்ளிக் கீரியார் பெரிய கோரைப்பாயை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க, நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார் கீரியார். "அடுத்த பங்கு இந்த மரம்தான். சாச்சுட்டா ஒரே நாள்ல அத்தனை பழமும் பாயில விழுந்துடும். ஏறவும் வேணாம், பறிக்கவும் வேணாம்."

கம்பீரன் வாயிலிருந்த பழமெல்லாம் கீழே விழுந்தது. காயும் பிஞ்சும் பூவும் குருவிக் கூடும் ஏன் வந்தன என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. மூன்று கூடை, மூன்று மரம். மேலே பறக்கத் தெரியாத குஞ்சும், இறகில்லாத நாச்சியும் இருந்தார்கள். மரம் சாய்ந்தால் இரண்டு பேரும் பிழைக்க மாட்டார்கள்.

அவன் யானையாரின் காதருகே பறந்து போய்க் கெஞ்சினான். யானையார் கண்ணைத் திறந்தார். அவர் கெட்டவர் இல்லை, வாங்கிய கூலிக்கு வேலை செய்பவர். கூலி முழுவதையும் நேற்றே தின்றாகிவிட்டது, தின்ற கூலிக்கு வேலை செய்யாமல் தன் வம்சத்திலேயே யாரும் போனதில்லை என்று வருத்தத்தோடு சொன்னார்.

"என்ன கூலி?" என்று கேட்டான் கம்பீரன்.

"உலர்ந்த அத்திப்பழம். ரொம்பப் பக்குவமா உலர்த்தியிருந்தாங்க. ஒவ்வொரு பழத்துலயும் மூக்கால கிள்ளின தடம் ஒண்ணு இருந்தது."

கம்பீரன் தன் மூக்கையே பார்த்துக்கொண்டான். தன் வீட்டை இடிக்கத் தானே கூலி கொடுத்திருக்கிறான்.

அப்போது உச்சிச் சந்திலிருந்து குரல் வந்தது. நாச்சிதான். மரம் ஆடினாலும் குரல் ஆடவில்லை.

"யானை மாமா, கூலி கொடுத்தவங்க வேலை வேணாம்னு சொன்னா நிறுத்துவீங்களா?"

அது நியாயம்தானே என்றார் யானையார். கீரியார் குறுக்கே ஓடி வந்து, கூட்டுக்குத் தலைவர் நான், உத்தரவு என்னுடையது என்றார். யானையார் ஒரு காலைத் தூக்கியபடியே சிறிது நேரம் யோசித்தார். தூக்கிய கால் கீரியாரின் தலைக்கு நேர் மேலே இருந்தது.

"பழம் யாருது?"

"அவரு போட்டதுதான். இருந்தாலும்..."

"அப்ப முதலாளி அவரு" என்று யானையார் காலைப் பத்திரமாகத் தள்ளி வைத்தார். ஆனால் அவருக்கு இன்னும் ஒரு சங்கடம் இருந்தது. தின்ற கூலியைத் திருப்பித் தர முடியாதே, வேலை செய்யாத கூலி வயிற்றில் எப்படிச் செரிக்கும்?

"செரிக்க வேணாம் மாமா, உங்களுக்கு வேற வேலை இருக்கு" என்றாள் நாச்சி. "நேரே தேவாங்காரோட சரிவுக்குப் போங்க. மூணு நாள் அங்கேயே நில்லுங்க. தின்ன அத்திப்பழத்தையெல்லாம் அங்கே இறக்கி வெச்சுட்டு வாங்க. விதை தானா முளைச்சுக்கும்."

யானையார் அசந்துபோனார். இந்த வேலைக்கு இதுவரை யாரும் அவருக்குக் கூலி கொடுத்ததில்லை. வேரைத் தும்பிக்கையால் மண்ணுக்குள் அழுத்தி, காலால் நன்றாக மிதித்துவிட்டு, மிகுந்த பொறுப்போடு நடந்து போனார்.

செய்தி பரவக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. குரங்குகள் தாங்கள் தாவும் மரங்கள் எங்கே போயின என்று ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தன. அணில்களும் அப்படியே. எல்லோரும் கீரியாரின் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே பசியோடு போன ஒரு மான், பலகையில் இருந்த இலைகளைத் தின்று தீர்த்திருந்தது. அந்தக் கூட்டில் பச்சையாக இருந்தவை அந்த இலைகள் மட்டும்தான். கீரியார் வளையின் பின்வாசல் வழியாக அடுத்த காட்டுக்குப் போய்விட்டார்.

கம்பீரன் தேவாங்காரிடம் போனான். எத்தனை வருஷம் ஆகும் என்று மறுபடியும் கேட்டான். தேவாங்கார், "முதல்... வருஷம்..." என்று ஆரம்பித்தார். இந்த முறை கம்பீரன் ஐந்தாம் வருஷம்வரை கண் கொட்டாமல் கேட்டான். வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொரு நாற்றையும் பார்த்தான். திரும்பி வந்து சந்தருகே உட்கார்ந்து, பொந்துக்குள் இருந்தவளுக்குத் தெரிந்தது வெளியே பறந்தவனுக்குத் தெரியவில்லை என்று நாச்சியிடம் சொன்னான். அவள் மூக்கை நீட்டிப் பழம் கேட்டாள்.

மழைக்காலத்தில் நாச்சி மண் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். புது இறக்கையோடு முதலில் பறந்து போனது தேவாங்காரின் சரிவுக்குத்தான். யானையார் நின்ற இடமெல்லாம் அத்திக் கன்றுகள் கும்பல் கும்பலாக இரண்டிலை விட்டிருந்தன. ஐந்தாம் வருஷம் அல்ல, ஆறாம் வருஷம்தான் காய்த்தன. தேவாங்கார் சொன்ன கணக்கும் கொஞ்சம் மெதுவாகத்தான் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் காய்த்தன. கம்பீரனுக்கு இறக்கை ஓய்ந்த நாளில், தத்தித் தத்திப் போனாலே எட்டுகிற தூரத்தில் பழம் இருந்தது.

இப்போதும் யாராவது அவன் கொண்டையைப் புகழ்ந்து பேசினால் அவன் சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொள்கிறான். முழுதாகக் கேட்டு முடித்த பிறகு, "கொண்டை இருக்கட்டும், உங்க பழம் எந்த மரத்துல இருந்து வருது, வாங்க போய்ப் பாப்போம்" என்கிறான்.

நீதி: சேமிப்பை ஒருவர் கையில் கொடுக்கும் முன் பலகையின் பச்சையை நம்பாதே, அந்தச் சேமிப்பு என்ன வேலை செய்யப் போகிறது என்று போய்ப் பார்.