மெழுகுவர்த்தி ஜாடிக்குள் வளர்ந்த கிருமி

"ஜென்டாமைசின் மருந்துக்கே அசைஞ்சு கொடுக்காத கிருமி மேடம். நம்ம ஆஸ்பத்திரியில இதுதான் முதல் முறை. நான்தான் பிடிச்சேன். மாநாட்டில சொல்லலாமா?"

கேட்டவர் டாக்டர் தெய்வசிகாமணி. சொந்த மருத்துவமனையை மகளிடம் ஒப்படைத்துவிட்டு, தலை நரைத்த பிறகு கிருமியியல் படிக்க வந்தவர். படிக்க வந்தாரே தவிர, தலைக்கனத்தை வீட்டில் வைத்துவிட்டு வரவில்லை.

அவருடைய குரு மைமூனா, வயதில் அவரைவிட இளையவர்.

குரு அவர் கையிலிருந்த கிருமி வளர்ப்புத் தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். தட்டு முழுக்கக் கிருமி, நடுவில் மருந்து வில்லை. மருந்து வேலை செய்தால், வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் ஒன்று அகலமாக விழ வேண்டும். அது சுருங்கிக் கிடந்தது.

"யாரோட ரத்தத்துல இருந்து எடுத்தது சார்?"

"குழந்தைகள் வார்டுல ஒரு கைக்குழந்தை. இந்த மருந்துதான் போயிட்டிருக்கு. நிறுத்தச் சொல்லி இப்பதான் போன் பண்ணேன். கோலிஸ்டின் போடச் சொல்லிட்டேன்."

குரு தட்டைக் கீழே வைத்தார். சிறுநீரகத்தைப் பதம் பார்க்கக்கூடிய மருந்து அது.

"குழந்தைக்கு ஜுரம் எப்படி?"

"இறங்கிட்டு வருதாம். தற்செயல்னு சொல்லிட்டேன்."

"தட்டை எங்க வெச்சு வளர்த்தீங்க?"

"இன்குபேட்டர் அடுக்குல இடமில்லை. உள்ள மெழுகுவர்த்தி ஜாடியில கொஞ்சம் இடம் இருந்தது. அதுல வெச்சேன். சூடு ஒண்ணுதானே மேடம்?"

சில கிருமிகளுக்குக் கரியமில வாயு கூடுதலாக வேண்டும். அவற்றுக்காக ஜாடிக்குள் மெழுகுவர்த்தியை ஏற்றி மூடிவிடுவார்கள். சுடர் தானே அணையும். வாயு உள்ளேயே நிற்கும்.

குரு ஒரு கண்ணாடிக் குவளையில் நீல நீரை ஊற்றினார். அமிலம் சேர்ந்தால் நிறம் மாறும் நீர். அதில் ஒரு ஸ்ட்ராவைப் போட்டு நீட்டினார்.

"ஊதுங்க சார்."

"இதென்ன சின்னப் பிள்ளை விளையாட்டு?"

"ஊதுங்க."

ஊதினார். நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளானது.

"என்ன கலந்தீங்க மேடம்?"

"நானா? உங்க மூச்சைத் தவிர அதுல ஒண்ணும் இல்லையே."

அவர் குவளையைப் பார்த்தார். பிறகு ஜாடி இருந்த இன்குபேட்டரைப் பார்த்தார்.

"கரியமில வாயு ஈரத்துல கரைஞ்சா அமிலம்... அப்ப என் தட்டும் புளிச்சிருக்கும்."

"புளிப்புல இந்த மருந்து என்ன செய்யும்?"

"கிருமிக்குள்ள சரியா நுழையாது."

"அப்ப உங்க கிருமி?"

அவர் தட்டை எடுத்துச் சுருங்கிய வட்டத்தைத் திரும்பப் பார்த்தார்.

"மருந்துக்கு அடங்கற சாதாரணக் கிருமியாத்தான் இருக்கும். மறுபடி முறையா வளர்த்துப் பார்த்துட்டு நாளைக்குச் சொல்லட்டுமா?" என்று மெல்லக் கேட்டார்.

குரு தொலைபேசியை அவர் பக்கம் தள்ளினார். அவர் குழந்தைகள் வார்டைக் கூப்பிட்டார்.

"கோலிஸ்டின் ஆரம்பிச்சிட்டீங்களாம்மா? ... இன்னும் இல்லையா? வேண்டாம். பழைய மருந்தே போகட்டும். ரிப்போர்ட்டை நம்ப முடியாது, திரும்பப் பார்க்கறோம்."

மறுமுனையில் இருந்த பெண் டாக்டர் வெடித்தார். அது மேசைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது.

"பச்சைக் குழந்தை சார் இது! எந்த மடையன் பார்த்த வேலை?"

இன்குபேட்டர் மேல் பழியைப் போட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்கப்போவதில்லை.

தெய்வசிகாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான்தாம்மா. டாக்டர் தெய்வசிகாமணி. தப்பு என்னோடது."

மைமூனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். தெய்வசிகாமணி போனை வைக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார்.