மூன்று தோணிகளும் ஒரு தரையாமையும்

எந்தக் காலம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் கடல் தண்ணீர் காட்டுக்குள் வந்து வந்து போகிற ஓர் இடத்தில், ஒரு நரியும் ஒரு கீரியும் ஓர் அணிலும் அக்கம்பக்கமாகக் குடியிருந்தன.

அது அலையாத்திக் காடு. மரங்கள் எல்லாம் தண்ணீருக்குள்ளேயே வேர் ஊன்றி நிற்கும். அவற்றுக்கு நடுவே தெருத்தெருவாக வாய்க்கால்கள் ஓடும். அந்த வாய்க்கால்களில் மனிதர்கள் குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஒல்லித் தோணிகளில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் துடுப்புப் போட்டு, சத்தமாகச் சிரித்துக்கொண்டே போவார்கள். கயாக் என்று அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.

நரி கரையில் உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்தது.

"நமக்கு மட்டும் என்ன குறைச்சல்?" என்றது.

விழுந்து கிடந்த பனைமரத்தைக் குடைந்து மூன்றும் சேர்ந்து மூன்று தோணிகள் செய்தன. பெரியது நரிக்கும் அதன் மனைவிக்கும். நடுத்தரமானது கீரிக்கும் அதன் தம்பிக்கும். சின்னது அணிலுக்கும் அதன் இரண்டு குட்டிகளுக்கும்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி உலா கிளம்பும். அன்றைக்குத்தான் மதியத்தில் தண்ணீர் நன்றாக வற்றும். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை மணல்திட்டு தலை காட்டும். அங்கே போய் இறங்கி, கொண்டுவந்ததைப் பகிர்ந்து சாப்பிட்டு, ஓடி விளையாடிவிட்டு, தண்ணீர் திரும்ப ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஏறிவிட்டால் திட்டு இருந்த இடமே தெரியாது.

யாரும் விட்டுப்போகக் கூடாது என்று நரி ஒரு முறை வைத்திருந்தது. திரும்பும்போது ஒவ்வொரு தோணியும் தன் ஆட்கள் ஏறிவிட்டார்களா என்று பார்த்து, துடுப்பை மேலே தூக்கிக் காட்ட வேண்டும். மூன்று துடுப்பும் மேலே தெரிந்தால் கிளம்பலாம். அது நாள்வரை ஒரு குட்டிகூடத் தொலைந்ததில்லை. நரிக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

அந்தக் கோடையில் ஓர் ஆமை அந்தப் பக்கம் குடிவந்தது. செங்கமலம் என்று பெயர். குளத்தில் வாழ்கிற ஆமை இல்லை அது. முதுகெல்லாம் மஞ்சள் கோடு போட்ட தரையாமை. மேட்டில் சப்பாத்திக்கள்ளிப் புதருக்கு அடியில் தனியாக இருந்தது. பௌர்ணமி வந்தால் கரைக்கு வரும். தோணிகள் போவதைப் பார்க்கும். அவை திரும்பி வரும்வரை அங்கேயே இருக்கும். அவை வந்து சேர்ந்ததும் மேட்டுக்கு ஏறிப் போய்விடும்.

ஒரு நாள் அணில் சொன்னது: "பாவம், ஆமையக்காவையும் கூப்பிடலாமே!"

"கூப்பிடலாமே!" என்றது கீரி.

"கேக்கணுமா? கட்டாயம் கூப்பிடணும்!" என்றது நரி.

மூன்றும் சேர்ந்து மேட்டுக்குப் போயின. "அக்கா, இந்தப் பௌர்ணமிக்கு நீங்களும் வரணும்!" என்று ஒரே குரலில் கூப்பிட்டன.

செங்கமலம் கழுத்தை வெளியே நீட்டியது. "நானா? என்னையா?" என்று இரண்டு தடவை கேட்டது. அன்றிலிருந்து கள்ளிப்பழம் பறிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு பழத்தையும் மணலில் உருட்டி உருட்டி முள்ளை எடுத்தது. பௌர்ணமி அன்று காலையில் ஈர இலையால் தன் ஓட்டைத் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் வந்து கரையில் நின்றது.

"அக்கா எங்க தோணியிலதான்! யாரும் போட்டிக்கு வராதீங்க!" என்று நரி ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னது.

தோணிகள் கிளம்பின. இறங்கும் தண்ணீர் அவற்றைத் தானாகவே இழுத்துக்கொண்டு போனது. நரியும் அதன் மனைவியும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்திருந்தன. ஆமை நடுவில்.

"இடது! இடதுன்னு சொல்றேன்ல!" என்றது நரி.

"உங்க இடதா, என் இடதா?"

"ரெண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துதானே உக்காந்திருக்கோம்! அதென்ன உன் இடது தனியா?"

"துடுப்பால என் மண்டையில அடிக்காம ஓட்டத் தெரியுதா உங்களுக்கு?"

பக்கத்துத் தோணியில் கீரி விழுந்து விழுந்து சிரித்தது. "அண்ணே, நீங்க வீட்டுலயே சண்டை போடலாமே! இவ்வளவு தூரம் தண்ணியில வந்தா போடணும்?"

ஆமையும் சிரித்தது. பிறகு கழுத்தை நீட்டித் தண்ணீரை எட்டிப் பார்த்தது. அடி தெரியவில்லை. மெதுவாகச் சொன்னது: "எனக்கு நீச்சல் தெரியாதுப்பா."

அணில்தான் முதலில் சிரித்தது. அப்புறம் எல்லாம் சிரித்தன.

"ஆமைக்கு நீச்சல் தெரியாதாம்!" என்றது கீரி. "இனிமே மீன் வந்து, தண்ணி குளிருது போர்வை குடுன்னு கேக்கும்!"

"இல்லப்பா, நெசமாத்தான்..."

"அக்காவுக்கு இவ்வளவு தமாஷ் வரும்னு தெரியாமப் போச்சே!" என்றது நரி.

எல்லாம் சிரிக்கும்போது தான் மட்டும் எப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது? செங்கமலமும் அவற்றோடு சேர்ந்து சிரித்தது.

திட்டில் இறங்கின. கரையோரமாக ஆளுக்கொரு பக்கம் தோணியை இழுத்துப் போட்டன. கள்ளிப்பழத்தைத் தின்று எல்லாருக்கும் வாயெல்லாம் சிவந்துபோனது. அணில் குட்டிகள் ஆமையின் முதுகில் ஏறிச் சறுக்கின. "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" என்று கத்தின. பிறந்ததிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்று செங்கமலம் நினைத்தது.

வெயில் சாய்ந்தது. திட்டின் ஓரம் நனைய ஆரம்பித்தது.

"கிளம்பு, கிளம்பு! தண்ணி திரும்பிடுச்சு!" என்றது நரி.

அதன் மனைவி காதோடு சொன்னது: "வரும்போதே தோணி அமுங்கிக்கிட்டு வந்துச்சு. இப்ப வாய்க்கால் முழுக்கச் சுழல் இருக்கும். அந்தக் கனத்தை நான் இழுக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

நரி தொண்டையைச் செருமியது. "அக்கா, வரும்போது எங்களோட வந்தாச்சு. போகும்போது கீரிகூடப் போங்களேன். அது ஆசைப்படுது."

"சரிப்பா," என்றது செங்கமலம்.

கீரியின் தோணி திட்டின் அந்தக் கோடியில் கிடந்தது. ஆமை ஈர மணலில் நடந்து நடந்து அங்கே போனது.

கீரியும் தம்பியும் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. "அடடா, அக்கா! உங்களுக்கு இல்லாத இடமா? ஆனா நாங்கதான் முன்னால போய்ச் சேரணும்னு நரியண்ணன்கிட்ட பந்தயம் போட்டிருக்கோம். வேகமாப் போவோம், உங்களுக்குப் பயமா இருக்கும். அணில் தோணி மெதுவாப் போகும். அதுல சௌகரியமாப் போகலாம்."

"சரிப்பா," என்றது செங்கமலம்.

திரும்பி நடந்து அணிலிடம் போனது. அணிலுக்கு முகம் வாடியது. "அக்கா, தப்பா நினைக்காதீங்க. எங்க தோணி சின்னது. குட்டிங்க வேற ஆடிக்கிட்டே இருக்கும். நரியண்ணன் தோணியிலதானே வந்தீங்க? அதுலயே போறதுதான் முறை. அவங்க மாட்டேன்னா சொல்லப்போறாங்க?"

செங்கமலம் நரியின் தோணி கிடந்த பக்கம் திரும்பிப் பார்த்தது. பிறகு, "சரிம்மா," என்று நரி தோணிப் பக்கம் நடந்தது.

நரி தன் தோணியைப் பார்த்தது. தானும் மனைவியும் இருக்கிறார்கள். துடுப்பைத் தூக்கியது. கீரி பார்த்தது. தானும் தம்பியும் இருக்கிறார்கள். துடுப்பைத் தூக்கியது. அணில் குட்டிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு அதுவும் தூக்கியது.

"மூணும் மேல! போகலாம்!" என்று கத்தியது நரி.

ஆமை அங்கே போய்ச் சேர்ந்தபோது, மணலில் தோணி கிடந்த பள்ளம் மட்டும்தான் இருந்தது. அதிலும் தண்ணீர் நிறைந்துகொண்டிருந்தது.

"அண்ணே!" என்று கூப்பிட்டது. அதன் குரல் சின்னக் குரல். தோணிகளில் பந்தயக் கூச்சல். மூன்றும் வாய்க்கால் திருப்பத்தில் மறைந்துபோயின.

திட்டின் உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு நண்டு வளை தோண்டிக்கொண்டிருந்தது. ஆமையைப் பார்த்ததும் நிறுத்தியது.

"நீ போகலையா?"

"வருவாங்க. நான் இல்லைன்னு தெரிஞ்சதும் திரும்பி வருவாங்க."

"தண்ணி அதுக்கு முன்னாலயே வந்துடும். நீந்திப் போயிடேன்!"

"எனக்குத் தெரியாது."

நண்டு கண் இரண்டையும் தூக்கி அதை ஏற இறங்கப் பார்த்தது. "இதை அவங்ககிட்ட சொன்னியா?"

"சொன்னேன். சிரிச்சாங்க."

"சிரிச்சா என்ன? திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதுதானே! கத்திச் சொல்ல வேண்டியதுதானே!"

"முதல் தடவையாக் கூப்பிட்டிருக்காங்க," என்றது செங்கமலம். "நச்சரிச்சா அடுத்த தடவை கூப்பிட மாட்டாங்களோன்னு இருந்துச்சு."

தண்ணீர் வளையின் வாய்க்கு வந்தது. "நான் போகணும்," என்று முணுமுணுத்துவிட்டு, நண்டு உள்ளே போய் மணலால் வாயை அடைத்துக்கொண்டது. ஆமை உச்சியில் ஏறி, வாய்க்கால் திருப்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

கரையில் கீரி முதலில் வந்து குதித்தது. "ஜெயிச்சாச்சு! நரியண்ணே, தோத்தாச்சா?"

"தோணிதான் தோத்துச்சு, நான் இல்ல!" என்று மூச்சு வாங்கியது நரி. "சரி, ஆமையக்காவைக் கைகொடுத்து இறக்கு."

"எங்கிட்டயா? அவங்க அணில்கூட வர்றாங்க."

அணில் அப்போதுதான் கரையைத் தொட்டது. "எங்ககூட இல்லையே! உங்க தோணிக்குத்தானே அனுப்பிச்சேன், நரியண்ணே?"

மூன்றும் ஒன்றையொன்று பார்த்தன. மூன்றின் வாயும் இன்னும் சிவப்பாகவே இருந்தது.

"திரும்பிப் போகணும்! இப்பவே போகணும்!" என்றது அணில்.

"எதிர்த்தண்ணி எப்படி வருது பாரு," என்றது நரி. "நாம பாதி தூரம் போறதுக்குள்ள அதுவே நீந்தி வந்துடும். ஆமைதானே!"

"தெரியாதுன்னு சொன்னாங்களே!"

"விளையாட்டுக்குச் சொன்னது அது. நீதானே முதல்ல சிரிச்ச?"

அணில் தன் குட்டிகளைக் கரையில் விட்டுவிட்டு, தனியாகத் தோணியைத் தள்ளிக்கொண்டு போனது. உள்ளே பாய்ந்து வரும் தண்ணீர் அந்தச் சின்னத் தோணியைத் தூக்கி ஒரு வேரில் மோதியது. அணில் மறுபடியும் தள்ளியது. மறுபடியும் மோதியது. மூன்றாவது முறை துடுப்பு கைநழுவிப் போய்விட்டது.

"நரியண்ணே, உங்க பெரிய தோணியில ரெண்டு பேரும் சேர்ந்து போட்டா போயிடலாம்!" என்று கெஞ்சியது.

நரி மனைவியைப் பார்த்தது. மனைவி தண்ணீரைப் பார்த்தது. "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்," என்றது நரி.

பொறுத்துப் பார்த்தன. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது.

"அதோ! அதோ தலை தெரியுது!" என்று கத்தியது கீரி.

எல்லாம் ஓடின. ஒரு தேங்காய் மட்டை மிதந்து வந்தது.

"அதோ, அது அக்காதான்!" என்று குட்டிகள் குதித்தன.

அது ஒரு கட்டை.

இருட்டுகிற நேரத்தில் நாரை ஒன்று முகத்துவாரத்திலிருந்து பறந்து வந்து மரத்தில் உட்கார்ந்தது.

"நாரையம்மா, திட்டுப் பக்கம் ஒரு ஆமையைப் பார்த்தீங்களா?" என்று கேட்டது அணில்.

"பார்த்தேன். உச்சியில நின்னுச்சு. கழுத்தை நீட்டி இந்தப் பக்கமே பார்த்துக்கிட்டிருந்துச்சு. யாருக்கோ காத்திருக்குன்னு நினைச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு சுத்துச் சுத்திட்டு வந்தேன்." நாரை நிறுத்தியது. "திட்டு இல்ல."

அணில் தன் குட்டிகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டது.

"எங்க தோணியில நாங்க சரியாத்தான் பார்த்தோம்," என்றது கீரி.

"நாங்களும்தான் சரியாப் பார்த்தோம்," என்றது நரியின் மனைவி.

அது உண்மைதான். ஒரு தோணியிலும் ஓர் ஆள்கூடக் குறையவில்லை.

கீரி தம்பியைக் கூட்டிக்கொண்டு தலை குனிந்து போனது. மனைவி முதுகைத் தொட்டதும், நரி புதருக்குள் போய்விட்டது. நாரை சிறகை ஒடுக்கிக் கண்ணை மூடிக்கொண்டது.

அணில் மட்டும் நின்றது.

"அம்மா, அக்கா எப்ப வரும்?" என்று கேட்டது ஒரு குட்டி.

தண்ணீர் அணிலின் காலைத் தொட்டது. அணில் ஓரடி பின்னால் நகர்ந்தது. மறுபடியும் தொட்டது. அது குட்டிகள் இரண்டையும் முதுகில் ஏற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல், மெல்ல நடந்து போய்விட்டது.

எல்லாரும் சேர்ந்து ஒருவரை அழைத்தால் மட்டும் போதாது, அவரைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது என் வேலை என்று யாராவது ஒருவர் ஏற்றுக்கொள்ளாவிட்டால், அத்தனை பேர் இருந்தும் அவருக்கு யாருமே இல்லை.