ஐந்து தலைப்பாகையும் ராஜாவின் வெறும் இலையும்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் பூவாணி நாட்டை மகுடவேலன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒன்று தோன்றும், மத்தியானம் வேறொன்று தோன்றும். இரண்டையும் பொழுது சாய்வதற்குள் முடிக்கச் சொல்லுவான். அவனிடம் மந்திரியாக இருந்த சீராளர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

தலைநகரத்துக் கடைத்தெருவில் எல்லோரும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து தொழில் தொடங்கினால்தான் ஊர் பிழைக்கும் என்று சீராளர் சொன்னார். ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. உடனே ஐந்து பேரைப் போட்டு நகர விருத்திச் சபை என்று ஒன்றை அமைத்தான். தலைவர் வாகீசர். வாயைத் திறந்தால் மூடத் தெரியாத மனுஷர். மந்திரி பதவிமேல் வெகுநாளாக ஒரு கண்.

வருகிற வியாபாரிக்கு நல்ல பாதை வேண்டும், தண்ணீர் வேண்டும். சபை அதையா செய்தது? வரவேற்பு செய்தது! கோட்டை வாசலில் தோரணம், மேளம், யானை, பூரணகும்பம். வந்தவர் தலையில் ஐந்து பேரும் ஆளுக்கொரு தலைப்பாகையை ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டுவார்கள். அப்புறம் ஆளுக்கொரு பேச்சு. இதெல்லாம் முடியாமல் யாரும் தொழில் தொடங்கக் கூடாது என்பது ராஜ கட்டளை. ஐந்து பேரில் ஒருவர் வரத் தாமதமானால் எல்லோரும் காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும். வெயிலில் நிற்கிற வியாபாரிக்குத்தான் கோபம் வரக் கூடாது.

வெற்றிலை வியாபாரி வந்தார். மூன்றாவது பேச்சுக்குள் வெற்றிலை வதங்கிப்போயிற்று. செக்குப் போட ஒருவர் வந்தார். அவர் நின்ற நேரத்தில் அவருடைய மாடுகள் எள் மூட்டையைப் பிரித்துத் தின்றுவிட்டன. மனுஷர் ஐந்து தலைப்பாகையையும் அவிழ்த்து யானை முன்னால் வைத்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்த வழியே போய்விட்டார்.

சீராளர் ராஜாவிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். காதில் ஏறினால்தானே? தலைப்பாகை யோசனையே ராஜாவுடையது. மாடியில் உட்கார்ந்து மேளம் கேட்பதும் அவனுக்குச் சுகமாக இருந்தது.

"இவ்வளவு மரியாதை செய்தும் நிற்கவில்லை என்றால் அவர்கள் நன்றி கெட்டவர்கள்" என்றான்.

வாகீசர் விடுவாரா? மந்திரியாரின் கடுகடுத்த முகத்தைப் பார்த்துத்தான் வியாபாரிகள் ஓடுகிறார்கள் என்று வத்தி வைத்தார். ராஜாவும் நம்பினான். ஆடி முடிவதற்குள் ஒரு வியாபாரியாவது ஊரில் நிலைக்க வேண்டும். இல்லாவிட்டால் மந்திரியின் முத்திரை மோதிரம் வாகீசர் விரலுக்குப் போகும் என்று சொல்லிவிட்டான்.

சீராளர் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். பதவி போனால் போகட்டும். இந்த வாகீசர் மந்திரியானால் ஊரே தோரணத்தைக் கட்டிக்கொண்டு பட்டினி கிடக்குமே என்று வயிறு எரிந்தது. வேளைக்குச் சாப்பிடுகிறவனுக்கு எதைச் சொல்லி விளங்கவைப்பது என்று மனைவியிடம் புலம்பினார். புலம்பும்போதே வழியும் தெரிந்துவிட்டது.

அரண்மனைச் சமையல்காரர் தன் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தார். சீராளர் பாண்டி நாட்டிலிருந்து சொக்கையா என்பவரை அந்த இடத்துக்கு வரவழைத்தார். பிறகு வாகீசரிடம் போய், இவரும் வெளியூரிலிருந்து வந்து நம் ஊரில் தொழில் தொடங்குகிறவர்தானே, சபை சும்மா இருக்கலாமா என்று பணிவாகக் கேட்டார். அரண்மனைக்குள்ளேயே பேசலாம் என்றதும் வாகீசருக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதே யானைக்கு ஆள் அனுப்பினார்.

மறுநாள் வேட்டையிலிருந்து அகோரப் பசியோடு திரும்பிய ராஜா இலை முன்னால் உட்கார்ந்தான். வெறும் இலை. கேட்டால், சமையல்கட்டு வாசலில் வரவேற்பு நடக்கிறது என்றார்கள். மேளச் சத்தம் கேட்டு முதலில் சிரித்தான். ஒருவர் இன்னும் வந்து சேரவில்லை என்றதும் முகம் சுருங்கியது. அடுப்பையாவது மூட்டச் சொல்லி ஆள் அனுப்பினான். வரவேற்பு முடியாமல் மூட்டினால் ராஜ கட்டளையை மீறியதாகும் என்று வாகீசர் பதில் அனுப்பினார். ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு தானே எழுந்து போனான்.

ஐந்தாவது ஆளும் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். அங்கே சொக்கையா தலையில் ஐந்து தலைப்பாகையோடு கண் தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். சமையலுக்கு வைத்திருந்த பூசணிக்காயை யானை தின்றுகொண்டிருந்தது. வாகீசர் தொண்டையைச் செருமிவிட்டு, ராஜாவின் கொள்ளுப்பாட்டனார் பிறந்த கதையிலிருந்து ஆரம்பித்தார்.

சொக்கையா தலைப்பாகைகளைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். "ஐயா, நான் சமைக்க வந்தவன். எனக்கென்ன கல்யாணமா நடக்குது? ஆளை விடுங்க, ஊருக்குப் போறேன்" என்று கரண்டியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

"ஐயையோ, அவர் போனால் என் சோறு?" என்றான் ராஜா.

"போகட்டும் மகாராஜா" என்றார் பக்கத்தில் நின்ற சீராளர். "நன்றி கெட்டவர். இவ்வளவு மரியாதை செய்தும் நிற்கவில்லையே."

ராஜாவின் வயிறு சத்தம் போட்டது.

"அந்த எள்ளுக்காரரும் இப்படித்தான் நின்றாரா?" என்று மெல்லக் கேட்டான்.

"அவர் வெயிலில் நின்றார், மகாராஜா."

ராஜா ஓடிப்போய்ச் சொக்கையாவின் கையைப் பிடித்து அழைத்துவந்து அடுப்படியில் விட்டான். அடுப்பு எரிந்து, சோறு ஆவி பறக்க இலைக்கு வந்தது. முதல் கவளத்தை விழுங்கியதும் ராஜா தீர்ப்புச் சொன்னான். இனி சபையின் வேலை பாதை போடுவதும் கிணறு வெட்டுவதும்தான். வாகீசருக்கு மரியாதை பிடிக்குமாம். ஆகையால் தினமும் அவர் சாப்பிட உட்காரும்முன் மற்ற நால்வரும் அவருக்குத் தலைப்பாகை கட்டி ஆளுக்கொரு பேச்சுப் பேசவேண்டும். வாகீசருக்கு வாழ்நாளில் முதல்முறையாகப் பேச்சு வரவில்லை.

மோதிரம் சீராளர் விரலிலேயே இருந்தது. ராஜாவுக்கோ மனசு நிறைந்து வழிந்தது. "மந்திரியாரே, உம்முடைய புத்திக்கு நாளைக்கே ஒரு பாராட்டு விழா. யானை, தோரணம், மேளம்..." என்று ஆரம்பித்தான்.

சீராளருக்கு அழுகையே வந்துவிட்டது. "மகாராஜா, நான் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை" என்றார்.

ராஜா நாக்கைக் கடித்துக்கொண்டான். பக்கத்தில் ஓர் இலையைப் போட்டு, தன் கையாலேயே சோறு பரிமாறினான்.

எள்ளுக்காரருக்கு ஆள் போயிற்று. அவர் பயந்துகொண்டேதான் திரும்பி வந்தார். கோட்டை வாசலில் ராஜாவே நின்றிருந்தான். ஒரு வார்த்தை பேசாமல் ஒதுங்கி வழிவிட்டான். ஆடி முடியும்முன் கடைத்தெருவில் செக்கு சுற்றியது.