நண்டுவலசையின் சம்மதம்

"இதுல என்ன குறை, மேடம்?" என்று கேட்டார் சிவப்பிரகாசம்.

அறிக்கையின் கடைசிப் பக்கம் நஸீமாவின் முன்னால் திறந்து கிடந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது.

சிவப்பிரகாசம் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். அவருக்கு நெறியாளராக வாய்த்த நஸீமா, அவருடைய மூத்த மகளைவிட இளையவர்.

துறைமுகத்தைப் பெரிதாக்க நண்டுவலசை என்ற மீனவர் ஊரைக் காலி செய்ய வேண்டும். ஊராருக்குச் சம்மதமா என்று கேட்டுச் சொல்லும் பொறுப்பு அவர்களுடைய ஆய்வு நிறுவனத்துக்கு வந்திருந்தது. மறுநாள் காலை கருத்துக் கேட்புக் கூட்டம். அறிக்கை அங்கே போனால் ஊர் பெயர்ந்துவிடும்.

"வீடு வீடா போனேன் மேடம். சொன்னதை ஒரு வார்த்தை விடாம எழுதினேன். வரி வரியாப் படிச்சு ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு பேர் கொடுத்தேன். ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துத் தலைப்பு வெச்சேன். அப்புறம் எல்லாத்தையும் கலைச்சுட்டு, வேற முறையில முதல்லேர்ந்து செஞ்சேன்."

"என்ன வந்தது?"

"சம்மதம். எந்த முறையில செஞ்சாலும் சம்மதம்தான் வருது."

"அதுதான் சார் எனக்குப் பயமா இருக்கு."

"எது?"

"வீட்டையும் கடலையும் விட்டுட்டுப் போகச் சொல்றோம். ஒருத்தர்கூடத் தயங்கலையே."

சிவப்பிரகாசத்தின் முகம் சிவந்தது.

நஸீமா ஒலிப்பதிவைக் கேட்க விரும்பினார். சிவப்பிரகாசம் ஒன்றை ஓடவிட்டார். இருளாயி என்ற பெண்ணின் வீடு. சிவப்பிரகாசத்தின் கேள்வி கணீரென்று கேட்டது. பிறகு பேச்சே இல்லை. எங்கோ ஒரு குழந்தை அழுதது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். நெடுநேரம் கழித்து அவள் குரல் வந்தது. "சரிங்கய்யா."

"நடுவுல பேசாம இருந்தாளே, அங்க என்ன எழுதியிருக்கீங்க?"

"ஒண்ணும் எழுதலை. அவதான் பேசலையே."

"செருமினது யாரு?"

"ஊர்த் தலைவர். எல்லா வீட்டுக்கும் கூட வந்தார். நல்ல ஒத்துழைப்பு."

நஸீமா அறிக்கையை மூடினார்.

"மேடம், எத்தனை ஊர்ல எத்தனை விசாரணை பண்ணியிருக்கேன் தெரியுமா?" அவர் குரல் உயர்ந்தது. "நாளைக்கு அங்க நான் வெறுங்கையோட நிக்கணுமா?"

"வேண்டாம் சார். கையெழுத்துப் போடறேன்." நஸீமா பேனாவைத் திறந்தார். "ஒரே ஒரு விஷயம். ஆய்வு செஞ்சவர் நம்ம நிறுவன இயக்குநர்னு போட்டுடலாம். அவர் கேட்டிருக்கார். உங்க பேர் நன்றி சொல்ற பக்கத்துல வரட்டும்."

சிவப்பிரகாசம் அவரையே பார்த்தார்.

மின்விசிறி கடகடத்தது. வெளியே நடைபாதையில் யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள்.

பேனா முனை தாளுக்கு மேலே நின்றது.

"சரிங்க மேடம்," என்றார்.

நஸீமா பேனாவை மூடினார்.

"இப்ப நீங்க சொன்னதை எந்தத் தலைப்புல சேர்ப்பீங்க, சார்?"

சிவப்பிரகாசம் அறிக்கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இயக்குநர் எதுவும் கேக்கலை," என்றார் நஸீமா. "நானாச் சொன்னது. மன்னிச்சிடுங்க."

சிவப்பிரகாசம் மன்னித்தாரா என்று தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

அன்று சாயங்காலம் நண்டுவலசைக்குத் தனியாகப் பேருந்தில் போய் இறங்கினார். தலைவருக்குச் சொல்லவில்லை.

இருளாயி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் பதறி எழுந்து நாற்காலி எடுக்க ஓடினாள். அவர் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கு நான் கேட்டப்ப ரொம்ப நேரம் பேசாம இருந்தியேம்மா. என்ன நெனச்சே?"

அவள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"ஒரு பக்கம் எங்க வீட்டுக்காரரு நிக்காரு. எதுக்க தலைவரு நிக்காரு. மாட்டேன்னவுகளுக்குப் புது வீடு கிடையாதுன்னு அவரு முன்னாடியே சொல்லிட்டாரு. நான் யாருக்குய்யா பதில் சொல்ல?"

"அப்ப உனக்குப் போக விருப்பமில்லையா?"

"எனக்குப் போகணும்யா. பொம்பளப்பிள்ளைக படிக்கணும். எங்க வீட்டுக்காரருக்குக் கடலை விட்டா கைகால் ஓடாது. மாமியா செத்தாலும் வரமாட்டேங்குது. நாங்க இன்னும் பேசியே முடிக்கலை. அதுக்குள்ள நீங்க வந்துட்டீக."

சிவப்பிரகாசம் அவளிடமிருந்து 'போகமாட்டேன்' என்ற சொல்லை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார்.

மறுநாள் பள்ளிக்கூடக் கூடத்தில் கூட்டம் நடந்தது. மேடையில் அதிகாரி. பக்கத்தில் தலைவர். வாசலில் போலீஸ். ஓரமாக நஸீமா. ஊர் முழுக்கத் தரையில் உட்கார்ந்திருந்தது. கையெழுத்தில்லாத அறிக்கையை அதிகாரி புரட்டினார்.

"சம்மதம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"நான்தான் எழுதினேன். அது தப்பு."

"அப்ப எதிர்க்கிறாங்களா?"

"அப்படி எழுதினாலும் தப்பு."

தலைவர் பாதி எழுந்தார். "என்ன சார் விளையாடுறீங்களா?"

அதிகாரி கையமர்த்தினார். "இன்னைக்கு நான் ஒரு முடிவு எழுதணும். என்ன எழுதட்டும்?"

"எழுதறதுக்கு முன்னாடி நாம வெளியில போயிடலாம், ஐயா. நீங்க, நான், தலைவர், போலீஸ். இவங்க மட்டும் இருக்கட்டும்."

அதிகாரி அவரை முறைத்தார். பிறகு தரையில் இருந்த முகங்களைப் பார்த்தார். ஒருவரும் தலை நிமிரவில்லை.

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

வெயிலில் எல்லோரும் நின்றார்கள். கதவு சாத்தப்பட்டது. உள்ளே சத்தமே இல்லை. தலைவர் வேட்டியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சிவப்பிரகாசத்தின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

உள்ளே ஒரு பெண் ஏதோ சொன்னாள். ஓர் ஆண் குரல் அதட்டியது. அவள் விடவில்லை. ஒரு கிழவி கத்தினாள். பிறகு எந்தக் குரல் யாருடையது என்று பிரிக்க முடியாதபடி கூடமே அதிர்ந்தது.

கான்ஸ்டபிள் கதவை நோக்கி ஓடினார். சிவப்பிரகாசம் குறுக்கே போய் நின்றார்.

"சண்டை போடறாங்க மேடம்!" என்றார் அதிகாரி, பின்னால் நின்றிருந்த நஸீமாவிடம் திரும்பி. "என்னதான் சொல்றாங்க?"

நஸீமா சிவப்பிரகாசத்தைப் பார்த்தார்.

அவர் கதவில் காதை வைத்திருந்தார். உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.