கூப்பிட்டால் வராத மிளகு

உங்களுக்கும் எனக்கும் முன்னால், நம் பாட்டன்மார் வளர்த்த நாய்களுக்கும் முன்னால், ஏழேரி நாடு என்று ஒரு நாடு இருந்தது. அங்கே ஏரி ஏழு இருந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள், நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஆனால் தலைநகரின் ஓரத்தில் அல்லிக்குளம் என்று ஒரு குளம் இருந்தது. அதன் கரையில் தினமும் விடிந்ததும் மூன்று பேர் கூடுவார்கள். மூவர் கையிலும் ஆளுக்கொரு கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஆளுக்கொரு நாய்.

ஒருத்தி செண்டாயி. சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்கிறவள். அவள் நாயின் பெயர் மிளகு. கறுப்பு நிறம், குட்டைக் கால், ஒரு காது மடிந்திருக்கும். இரண்டாவது ஆள் ஊர்ப் பயில்வான். ஒரே குத்தில் தேங்காயை உடைப்பவர். அவர் நாய் அப்பளம், முழ நீளம்கூட இல்லாத வெள்ளை நாய். மூன்றாவது ஆள் யார் தெரியுமா? அந்த நாட்டு ராணி! அவள் நாயின் பெயர் தளபதி. கன்றுக்குட்டி உயரம், செம்மண் நிறம். இடி இடித்தால் மட்டும் தளபதி போர்க்களத்தில் இருக்க மாட்டார்.

குளக்கரையில் ஒரு வழக்கம் இருந்தது. அங்கே மனிதர்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. செண்டாயி மிளகம்மா. பயில்வான் அப்பளத்தப்பா. ராணி தளபதியம்மா. நாலு வருஷமாக இப்படித்தான். பேச்சும் ஒரே பேச்சுதான்.

"இன்னிக்கு நல்லா வெளிய போச்சா?" என்று பயில்வான் கேட்பார்.

"போச்சு போச்சு. நேத்து மாதிரி இல்ல, கெட்டியாவே போச்சு" என்று ராணி சொல்வாள். யுத்தத்தில் ஜெயித்த செய்தியைக்கூட அவள் அவ்வளவு பூரிப்போடு சொன்னதில்லை என்று அரண்மனையில் பேச்சு.

"உங்களுக்கென்ன தளபதியம்மா. எங்க அப்பளம் வாயிலயே வைக்க மாட்டேங்குது. நான் முதல்ல ஒரு வாய் தின்னு காட்டினாத்தான் திங்குது. அதுக்கு உப்பில்லாத சோறு, அதையும் நான் திங்கணும்."

"உங்க தொல்லையாவது சோறோட போச்சு. எங்க தளபதி இருக்கானே, ஒரு சத்தம் கேக்கக் கூடாது. யார் புடவைன்னு பார்க்க மாட்டான், உள்ள பூந்துக்குவான். போன வாரம் பக்கத்து நாட்டுத் தூதரோட சம்சாரம் வந்திருந்தாங்க..." ராணி மேலே சொல்லவில்லை. மற்ற இருவரும் கேட்கவும் இல்லை.

செண்டாயி இப்படிக் குறை சொல்ல மாட்டாள். அவள் வீட்டில் வேறு ஆள் கிடையாது. காளவாயிலிருந்து தலைமுதல் கால்வரை வெள்ளையாகத் திரும்புகிறவளை எதிர்கொண்டு வாலாட்ட அந்த நாய் ஒன்றுதான். அதைப் பற்றி ஒரு குறை சொல்ல அவளுக்கு மனசு வராது. ஆகவே பெருமைதான் பேசுவாள். "எங்க மிளகு கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்துடும். ஒரு தடவைக்கு மேல கூப்பிட வேண்டியதில்ல."

உண்மை என்ன? மிளகு கூப்பிட்டால் வராது. ஒரு தடவை கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது. இரண்டு தடவை கூப்பிட்டால் உட்காரும். மூன்று தடவை கூப்பிட்டால் முதுகைக் காட்டிக்கொண்டு காதைச் சொறியும். "இன்னிக்குக் காது அடைச்சிருக்கு போல" என்று சொல்லிக்கொண்டே செண்டாயி போய்த் தூக்கி வருவாள். நாலு வருஷமாக மிளகுக்குக் காது அடைத்தே இருந்தது.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் காலையில் தூமகேது என்ற மந்திரவாதி அந்தக் கரைவழியே வந்தான். தோளில் சாம்பல் பை, கையில் மூங்கில் கோல். தூரத்தில் அவனைப் பார்த்ததும் மூன்று நாய்களும் கயிற்றை உருவிக்கொண்டு ஓடிச் சுற்றிக்கொண்டன. மந்திரவாதி நின்றுவிட்டான்.

"ஒண்ணும் செய்யாது, தைரியமா வாங்க!" என்றார் பயில்வான்.

"ஒண்ணும் செய்யாது, தைரியமா வாங்க!" என்றாள் ராணி.

"ஒண்ணும் செய்யாது, தைரியமா வாங்க!" என்றாள் செண்டாயி. அவள் சொல்லி முடிக்கவும் மிளகு அவன் கெண்டைக்காலைக் கவ்வவும் சரியாக இருந்தது.

மூவரும் பதறி ஓடிவந்தார்கள். செண்டாயி மண்டியிட்டு மிளகின் வாயைத் திறந்து பார்த்தாள். "ஐயோ, பல்லு ஏதும் ஆடுதா?"

"அழுக்கு வேட்டியையும் சேர்த்துக் கடிச்சிருக்கு. வயித்துக்கு ஆகாதே" என்றார் பயில்வான்.

"பாவம், மிரண்டு போச்சு. தண்ணி காட்டுங்க" என்றாள் ராணி.

காலில் ரத்தம் வழிய நின்றவனை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நாய் வளர்ப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. அவர்களுக்கு அது தப்பு என்றே தோன்றவில்லை.

தூமகேது கோலைத் தரையில் ஓங்கிக் குத்தினான். "அவங்கவங்க நாயைத் தவிர உங்க கண்ணுக்கு வேற எதுவுமே தெரியாதா? அப்படின்னா பாருங்க!" என்று ஒரு பிடி சாம்பலை எடுத்து ஊதினான்.

புகை கலைந்தபோது புங்கமரத்தடியில் ஒன்பது நாய்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்பதும் சாம்பல் நிறம், ஒரே உயரம், ஒரே முகம். ஒன்றுகூடக் குரைக்கவில்லை, ஒன்றுகூட வாலாட்டவில்லை.

"இதுல மூணு உங்களோடது. ஆறு நான் சாம்பல்ல செஞ்சது. நாளையிலிருந்து மூணு காலை, ஒரு காலைக்கு ஒருத்தர் வந்து ஒரு நாயை எடுக்கணும். தன் நாயை எடுக்கக் கூடாது, அடுத்தவர் நாயைத்தான் எடுக்கணும். தப்பா எடுத்தா, எடுக்க வேண்டிய நாய் சாம்பலாப் போகும். அதுவரைக்கும் நாயைப் பத்தி உங்களுக்குள்ள ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினா மூணுமே சாம்பல்!"

படையைக் கூப்பிடலாமா என்று ராணி யோசித்தாள். சாம்பலை எந்த வாள் வெட்டும்? செண்டாயி ஒன்பது முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அதில் ஒன்று அவளுடைய மிளகு. அதற்கும் அவளைத் தெரியவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. என் நாயை இவர்களில் ஒருவர் எடுக்க வேண்டும். அதற்கு இவர்களுக்கு என்ன தெரியும்? கூப்பிட்டால் ஓடி வரும் என்று நான் சொன்ன பொய்தானே தெரியும்! உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். சொன்னால் மூன்றும் சாம்பல். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

நாயைப் பற்றிப் பேசக் கூடாது என்றால் அந்த மூவரும் எதைத்தான் பேசுவது?

"சாப்பிட்டீங்களா?" என்று கடைசியில் ராணி கேட்டாள். நாலு வருஷத்தில் அவள் கேட்ட முதல் மனிதக் கேள்வி அதுதான்.

"உங்க பேரு என்னங்க?" என்று செண்டாயி பயில்வானைக் கேட்டாள்.

"வெள்ளைச்சாமி. உங்களுக்கு?"

"செண்டாயி."

"எனக்குப் பூரணவல்லி" என்றாள் ராணி. "அந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு ரொம்ப நாளாச்சு."

பயில்வான் எழுந்தபோது முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "எத்தனை நாளா வலி?" என்றாள் செண்டாயி. "மூணு வருஷமா" என்றார் அவர். அப்பளத்துக்கு எந்தப் பல் ஆடுகிறது என்பது செண்டாயிக்குத் தெரியும். மூன்று வருஷமாக இவருக்கு முழங்கால் வலிப்பது தெரியாது. அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

முதல் காலை வந்தது. செண்டாயியின் முறை, ராணியின் நாயை எடுக்க வேண்டும். அவள் ஒரு பெரிய மண்பானையைக் கொண்டுவந்தாள். வரிசைக்கு முன்னால் நின்று, தலைக்கு மேலே தூக்கி, பாறையில் போட்டு உடைத்தாள். டமார்! எட்டு நாய்கள் அசையவில்லை. ஒன்று மட்டும் பாய்ந்து வந்து அவள் சுண்ணாம்புப் புடவைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நடுங்கியது.

"இதுதான் தளபதி" என்றாள். சாம்பல் நிறம் உதிர்ந்தது. உள்ளே செம்மண் நிறம் தெரிந்தது. ராணி தளபதியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இரண்டாம் காலை வந்தது. ராணியின் முறை, பயில்வானின் நாயை எடுக்க வேண்டும். அவள் ஒரு மண்சட்டியில் உப்பில்லாத சோற்றைப் பிசைந்து கொண்டுவந்து கீழே வைத்தாள். ஏழு நாய்கள் பாய்ந்தன. ஒன்று மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்து ராணியின் வாயையே பார்த்தது. ஏழேரி நாட்டு மகாராணி தரையில் குந்தி, ஏழு நாய்களுக்கு நடுவே அந்தச் சட்டியில் கையை விட்டு, ஒரு வாய் அள்ளித் தின்றாள். உடனே அந்த எட்டாவது நாய் எழுந்து வந்து மூக்கை நீட்டியது.

"இதுதான் அப்பளம்" என்றாள் சோறு ஒட்டிய வாயோடு. நாய் சுருங்கி வெளுத்து முழ நீளத்துக்கும் குறைவாயிற்று. பயில்வான் அதை ஒரு உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு தேம்பினார்.

மூன்றாம் காலை வந்தது. பயில்வானின் முறை, செண்டாயியின் நாயை எடுக்க வேண்டும். மீதி ஏழு நாய்கள் இருந்தன. ஆறு சாம்பல், ஒன்று மிளகு. செண்டாயி ராணியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பயில்வான் கையில் எதுவும் கொண்டுவரவில்லை. வரிசைக்கு முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமினார். "மிளகு! வா!" என்றார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று செண்டாயி கண்ணை மூடிக்கொண்டாள். தடதடவென்று ஓடிவரும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தாள். ஆறு நாய்கள் பயில்வானின் காலடியில் நின்றன. சொன்ன சொல் தட்டாத ஆறு நாய்கள். அவர் அவற்றைத் தொடவே இல்லை.

"மிளகு! வா!" என்றார் மறுபடியும். மரத்தடியில் நின்றிருந்த ஏழாவது நாய் உட்கார்ந்தது.

"மிளகு! வா!" என்றார் மூன்றாம் தடவை. அது முதுகைக் காட்டிக்கொண்டு காதைச் சொறிந்தது.

பயில்வான் நேராகப் போய் அதைத் தூக்கினார். "இதுதான் மிளகு. இன்னிக்கும் காது அடைச்சிருக்கு" என்றார்.

சாம்பல் உதிர்ந்தது. கறுப்பு நிறம், குட்டைக் கால், மடிந்த ஒரு காது. செண்டாயி ஓடிப்போய் வாங்கி முகத்தோடு முகம் வைத்துக்கொண்டாள். "உங்களுக்குத் தெரியுமா? தெரியுமா உங்களுக்கு?"

"நாலு வருஷமாத் தெரியும் செண்டாயி" என்றாள் ராணி.

"பின்ன ஏன் ஒரு நாள்கூடச் சொல்லல?"

"நீங்க ஆசையாச் சொல்லிக்கிட்டிருந்தீங்க" என்றார் பயில்வான்.

உருவம் திரும்பிவிட்டது. ஆனால் குரல் திரும்பவில்லை. மூன்று நாய்களும் பொம்மைபோல நின்றன. ஒன்றுகூடக் குரைக்கவில்லை, ஒன்றுகூட வாலாட்டவில்லை. மிளகு செண்டாயியைப் பார்த்தது, அடையாளம் தெரியாமல் பார்த்தது. மூன்று நாளும் ஒதுங்கி நின்று பார்த்திருந்த மந்திரவாதி கோலை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தான். நொண்டி நொண்டி நடந்தான்.

ராணியும் பயில்வானும் நாய்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செண்டாயியின் கண்ணில் பயில்வானின் முழங்கால் பட்டது, பிறகு அந்த வீங்கிய கெண்டைக்கால் பட்டது. அவள் மிளகைக் கீழே விட்டுவிட்டு ஓடிப்போய் மந்திரவாதியை மறித்தாள்.

"சாமி, கால் எப்படி இருக்கு? அன்னிக்கே கேட்டிருக்கணும். எனக்குப் புத்தி வரல. உக்காருங்க."

மடியிலிருந்து சுண்ணாம்பை எடுத்து, ராணி ஆள் அனுப்பி வரவழைத்த மஞ்சளில் குழைத்து, வீக்கத்தைச் சுற்றிப் பற்றுப் போட்டாள். தூமகேது அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். "மூணு நாளா யாராவது கேப்பாங்கன்னு பார்த்தேன்" என்றான். "அந்த ஒரு கேள்வியிலதான் மந்திரத்தோட கடைசி முடிச்சைப் போட்டு வெச்சிருந்தேன்."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, பின்னாலிருந்து வள் வள் வள் என்று மூன்று குரல்! மூன்று நாய்களும் வாலைச் சுழற்றிக்கொண்டு மந்திரவாதியை நோக்கியே பாய்ந்து வந்தன.

"ஒண்ணும் செய்..." என்று மூன்று வாய்கள் திறந்தன. திறந்த வேகத்தில் மூடின. ஆளுக்கொரு நாயைப் பாய்ந்து பிடித்தார்கள்.

"கொஞ்சம் தள்ளியே உக்காருங்க சாமி. கடிச்சாலும் கடிக்கும்" என்றாள் செண்டாயி. மிளகு அவள் முகத்தில் இருந்த சுண்ணாம்பை நக்கியது. அதற்கு அவளைத் தெரிந்துவிட்டது.

மந்திரவாதி சிரித்தான். சாம்பல் நாய்களைப் பார்த்துக் கோலை நீட்டினான். "வந்த வேலை முடிஞ்சுது. கலைஞ்சு போங்க!" ஐந்து நாய்கள் சாம்பலாகிக் காற்றில் போயின. ஆறாவது நாய் போகவில்லை.

"கலைஞ்சு போ!" அது உட்கார்ந்தது.

"உன்னைத்தான், கலைஞ்சு போ!" அது முதுகைக் காட்டிக்கொண்டு காதைச் சொறிந்தது. மூன்று நாள் காலையிலும் மிளகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அதுதான்.

தூமகேதுவின் கையில் கோல் தாழ்ந்தது. "இது நான் செஞ்ச நாய் இல்லையே" என்றான்.

"சொன்ன பேச்சு கேக்கல இல்ல? அப்ப நிஜ நாய்தான்" என்றார் பயில்வான்.

மறுநாள் விடிந்ததும் அல்லிக்குளத்தின் கரையில் நாலு பேர் கூடினார்கள். செண்டாயி பயில்வானின் முழங்காலை விசாரித்தாள். பயில்வான், ராணி தூங்கினாளா என்று விசாரித்தார். அதற்கப்புறம்தான் நாய்ப் பேச்சு. சாம்பல் நாய் குளத்தங்கரையின் அந்தக் கோடியில் மல்லாந்து கிடந்தது. தூமகேது அதை ஏழு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு இவர்கள் பக்கம் திரும்பினான்.

"எங்க நீறு இருக்கே, கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்துடும். இன்னிக்குத்தான் ஏதோ காது அடைச்சிருக்கு" என்றான்.

"ஆமாமா, பார்த்தாலே தெரியுது" என்றாள் செண்டாயி. அவர்கள் நாய்களோடு நலம், நாம் நம் வீட்டு நாய்க்குச் சோறு வைக்கப் போவோம்.