தொடக் கூடாத கல்

இந்த வழக்கைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள். திலகவதி சொன்ன தீர்ப்பைக் கடைசியில் சொல்கிறேன்.

திலகவதி ஒரு கல்லூரியில் நிலவியல் பேராசிரியை. அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்து ஓடைகளில் அம்மோனைட் தேடுவது அவள் வேலை. பத்துக் கோடி ஆண்டுக்கு முன் அந்த வறண்ட பூமி கடலாக இருந்தது. அந்தக் கடலில் நீந்திய, கணவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு பிராணியின் சுருள் ஓடுதான் கல்லாகி, இன்று அம்மோனைட் என்ற பெயரில் மண்ணுக்குள் கிடக்கிறது.

முந்தின ஆண்டு யாரோ ஒருவர் ஆசையில் அப்படி ஒரு கல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து அவள் மேசையில் வைத்துவிட்டார். எந்த ஓடை, எந்த மண்ணடுக்கு என்று கேட்டால் தலையைச் சொறிந்தார். எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரிந்தால்தான் கல்லின் வயதைச் சொல்ல முடியும். ஊர் பேர் தெரியாத அந்தக் கல்லை இன்றுவரை ஆய்வகத்தில் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த ஆண்டு ஐப்பசியில் ஓடைக்கரைச் சுவரில் முறத்தின் அகலத்துக்கு ஒரு முழு அம்மோனைட் தெரிந்தது. குறுக்கே ஒரு விரிசல். அப்படியே எடுத்தால் உடையும். எலும்பு முறிந்தவனுக்குப் போடுவதுபோல் மாவுக்கட்டுப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஆய்வக உதவியாளர் மரியசூசை ஜீப்பிலிருந்து அதற்கான மாவு மூட்டையைத் தூக்கி வந்தார். பிரித்துப் பார்த்தால் சுவருக்குப் பூசுகிற பட்டி மாவு!

"இருபது வருஷமா ஆய்வகத்துல இருக்கீங்க. மூட்டை மேல எழுதியிருக்கிறதைப் படிக்க மாட்டீங்களா?"

"ரெண்டும் வெள்ளையாத்தானே மேடம் இருக்கு."

திலகவதி தலையில் அடித்துக்கொண்டாள். தானே ஜீப்பை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போவதென்று முடிவு செய்தாள். கிளம்புமுன் மரியசூசையையும், வரைபடக்காரர் துரைக்கண்ணுவையும், மூன்று வருஷமாக ஆய்வேட்டுக்கு அலையும் மாணவி நாச்சியாரையும் வரிசையாக நிற்க வைத்தாள்.

"நான் வர்ற வரைக்கும் யாரும் அந்தக் கல்லைத் தொடக் கூடாது. தொட்டவங்க இனி என்கூடக் களத்துக்கு வர முடியாது. புரிஞ்சுதா?"

மூவரும் சரியென்றார்கள்.

டவுனில் கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வந்து மூட்டையைக் கொடுத்தபின், வழியெல்லாம் சிமெண்ட் லாரிகள் நகர மறுத்தன. அதற்குள் வானம் கறுத்துக் கொட்டத் தொடங்கியது. ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டு அவள் வந்து சேர்ந்தபோது மணி மூன்று. ஓடையில் செந்நிற வெள்ளம் இரு கரையும் தொட்டு ஓடியது. கல் இருந்த சுவரே இல்லை.

கரைமேல் மூன்று பேரும் தொப்பலாக நனைந்து நின்றார்கள். நாச்சியாரின் துப்பட்டாவுக்குள் அம்மோனைட், இரண்டு துண்டாக. அவள் உள்ளங்கையில் ரத்தம். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"வாயை மூடுங்க எல்லாரும்! ஒருத்தர் ஒருத்தராச் சொல்லுங்க."

மரியசூசை முந்திக்கொண்டார். "சொன்ன சொல்லைக் காப்பாத்தினது நான்தான் மேடம். அணை கட்டினேன், தார்ப்பாய் பிடிச்சேன். தண்ணி அணையை உடைச்சப்பகூட என் விரல் கல் மேல படலை. இந்தப் பொண்ணுகிட்டத் தொடாதேன்னு கத்திக்கிட்டே இருந்தேன். உடைஞ்சதுக்கு நான் ஜவாப்தாரி இல்லை."

துரைக்கண்ணு சட்டைக்குள்ளிருந்து நோட்டை எடுத்தார். "மழை இறங்கினதுமே அளந்துட்டேன். சுவர்ல ஓடுற சிப்பி வரிக்குக் கீழே ரெண்டு அடி, நாலு அங்குலம். சுருள் எந்தப் பக்கம் பார்த்திருந்துச்சுன்னும் வரைஞ்சிருக்கேன். அதோட மேலே ஏறிட்டேன். நானும் தொடலை. இந்த நோட்டு இல்லேன்னா அது வெறுங்கல்லுதானே மேடம்?"

"நீ என்ன சொல்றே?"

நாச்சியார் தலை குனியவில்லை. "தொட்டேன் மேடம். தெரிஞ்சேதான் தொட்டேன். அளந்தாச்சான்னு துரைக்கண்ணு சார்கிட்ட ரெண்டு தரம் கேட்டேன். ஆச்சுன்னு சொன்னார். அப்பவே தண்ணி முழங்காலுக்கு வந்துடுச்சு. தூக்கினேன், விரிசல்ல விட்டுப்போச்சு. நான் கரையேறினதும் சுவர் சரிஞ்சுது."

திலகவதிக்கு எரிச்சலில் அழுகை வந்தது. எச்சரித்தபடி நாச்சியாரை விலக்கினால், கல்லைக் காப்பாற்றியவளின் ஆய்வேடு கடைசி வருஷத்தில் பாழாகும். விலக்காமல் விட்டால், அடுத்த முறை தன் பேச்சை யார் மதிப்பார்கள்? மரியசூசை அப்போதே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒருவர் சொன்ன சொல்லைக் காத்தார். ஒருவர் கல் கிடந்த இடத்தைக் காத்தார். ஒருத்தி சொல்லை மீறிக் கல்லைக் காத்தாள். இந்த மூவரில் யார் செய்தது சரி? திலகவதி தன் எச்சரிக்கையை நிறைவேற்ற வேண்டுமா?

விடை: நாச்சியார் செய்ததே சரி. தொடக் கூடாது என்ற கட்டளை, கல் உடையக் கூடாது, அது கிடந்த இடமும் தெரியாமல் போய்விடக் கூடாது என்பதற்காகப் பிறந்தது. உடைந்த கல்லை ஒட்டலாம், வெள்ளத்தோடு போன கல் திரும்பாது; அதனால் தண்ணீர் ஏறி, அளந்து முடிந்தது என்று துரைக்கண்ணு சொன்ன கணமே அதன் வேலை தீர்ந்துவிட்டது. நாச்சியார் அதுவரை பொறுத்தாள், அதற்குமேல் பொறுக்கவில்லை. துரைக்கண்ணு செய்தது பாதி சரி. இடத்தை எழுதி வைத்தவர் கல்லை வெள்ளத்துக்கு விட்டுவிட்டார். மரியசூசை சொல்லைக் காத்தார், அந்தச் சொல் எதைக் காக்க வந்தது என்பதை மறந்தார். திலகவதி அந்த மூவர் முன்னாலேயே தன் எச்சரிக்கையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "தொடக் கூடாதுன்னு சொன்னேன், ஏன்னு சொல்லலை. தப்பு என்னுது. நாச்சியார், அடுத்த வாரமும் நீ வர்றே. முதல்ல கையில மருந்து போடு." மரியசூசை மெல்லத் தொண்டையைக் கனைத்தார். "அப்ப இந்தப் புது மூட்டை மேடம்?" ஜீப்பின் பின்பக்கம் திறந்தே கிடக்க, மழை நேராக மாவின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. "அதைத் தொடக் கூடாதுன்னு நான் சொல்லலையே!" என்று கத்தினாள் திலகவதி.