ஆண்டவருக்குப் போட்ட இலை

சிறுமலை அடிவாரத்தில் இருந்த அந்தக் கிறிஸ்தவ ஆசிரமத்தில் ஒரு வழக்கம் உண்டு. மதியச் சாப்பாட்டுக்கு எல்லோருக்கும் இலை போட்ட பிறகு, வரிசையின் கடைசியில் ஓர் இலை கூடுதலாகப் போடுவார்கள். அது ஆண்டவருடைய இலை. முதலில் அதில் பரிமாறிவிட்டுத்தான் மற்றவர்களுக்கு. எல்லோரும் சாப்பிட்டு எழுந்ததும், வாசலில் யார் பசியோடு வந்து நிற்கிறார்களோ அவர்களை அந்த இலைக்கு முன் உட்கார வைப்பார்கள்.

பதினோரு வருடமாக அங்கே சமைப்பதும் பரிமாறுவதும் சவரிராயன்தான். வயது அறுபத்து மூன்று. அதற்கு முன் திண்டுக்கல் கல்யாண மண்டபங்களில் பந்தி விசாரித்தவர். முந்நூறு பேர் பந்தியில் ஓர் இலையில் ஊறுகாய் விட்டுப்போனாலும் வாசலில் நின்றே கண்டுபிடித்துவிடுவார். மனைவி புஷ்பம் இறந்த பிறகு, இனி ஆண்டவர் ஒருவருக்குத்தான் என் உழைப்பு என்று சொல்லிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார்.

அவர் அந்த இலைக்குப் பரிமாறுவதைப் பார்க்க வேண்டும். நுனி இடப்பக்கம் இருக்கும். உப்பு ஓரத்தில் இருக்கும். ஒரு சொட்டுக் குழம்பு சிந்தாது. முடித்ததும் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நாலடி தள்ளி நிற்பார். பரிமாறுகிறவன் பந்தியில் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவர் தொழில் கற்ற இடத்துச் சட்டம். எல்லோரும் போன பிறகு, அடுப்படியில் நின்றபடியே ஆறிப்போன சோற்றைச் சாப்பிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆசிரமத்தின் தலைவி அமலோற்பவம் அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். ஆனாலும் எல்லோரையும் போல சவரிராயனும் ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவார். அம்மா அவரை ‘ஐயா’ என்பார்.

ஈஸ்டர் என்னும் உயிர்ப்புப் பெருவிழா முடிந்த வாரத்தில் ஒரு காலை, சவரிராயன் கையில் பையோடு அம்மாவின் முன் வந்து நின்றார்.

“ரெண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்புறேன்மா. தங்கச்சி வீட்டுக்கு.”

“எத்தனை நாளைக்கு?”

“திரும்பி வர்றதா இல்லை.”

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

“யாரும் எதுவும் சொல்லலைம்மா. ஆண்டவரும் சொல்லலை. அதுதான் என் கஷ்டம்.”

அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்கள்லாம் ஜெபம் முடிச்சு வர்றப்ப முகத்தைப் பார்க்கிறேன். சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கு. எனக்கு ஒருநாளும் அப்படி இல்லை. பதினோரு வருஷத்துல ஒரு குறை வச்சதில்லை. ஆனா இன்னமும் அவர் எனக்கு முதலாளிதான். அவர்கிட்ட எப்படிம்மா நெருங்குறது?”

இந்த வயதில் இதைக் கேட்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

“பஸ் ரெண்டு மணிக்குத்தானே? சாப்பிட்டுட்டுப் போங்க” என்றார் அம்மா.

மதியம் அவர் ரசவாளியைத் தூக்கப் போனபோது, அம்மா அதை வாங்கிக்கொண்டார்.

“இன்னைக்கு நான் பரிமாறுறேன். நீங்க உட்காருங்க.”

“எங்கம்மா?”

ஆண்டவருடைய இலைக்குப் பக்கத்தில், ஒட்டினாற்போல் இன்னோர் இலையைப் போட்டார் அம்மா. சவரிராயனுக்கு வியர்த்துவிட்டது.

“பரிமாறுறவன் போய் அங்க உட்காருறதா?”

“ஊருக்குப் போறவர் பரிமாறுறவர் இல்லை ஐயா. விருந்தாளி. உட்காருங்க.”

உட்கார்ந்தார். பரீட்சைக்கு வந்த பிள்ளைபோல முதுகை நிமிர்த்திக்கொண்டு, பக்கத்து இலையைப் பார்க்காமல் உட்கார்ந்தார்.

அம்மாவுக்கு ஜெபம் வரும், பரிமாற வராது. உப்பை இலைக்கு நடுவில் வைத்தார். கூட்டைச் சோற்றின் தலையிலேயே கொட்டினார். சவரிராயன் இரண்டு முறை எழப் பார்த்தார். இரண்டு முறையும் கரண்டியாலேயே உட்காரச் சொன்னார் அம்மா. கடைசியாக ரசம் வந்தது. பெரிய கரண்டியால் நாலு கரண்டி. ரசம் சோற்றை உடைத்துக்கொண்டு பக்கத்து இலையை நோக்கி ஓடியது.

சவரிராயன் பதறிப்போய்க் கையைக் குறுக்கே வைத்தார். சோற்றை அள்ளி அவசரமாக வரப்புக் கட்டினார். கட்டிக்கொண்டே மூச்சு வாங்கச் சொன்னார்:

“மன்னிக்கணும் ஆண்டவரே. அம்மாவுக்குப் பரிமாறத் தெரியாது.”

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சவரிராயனின் கை பாதி வரப்பிலேயே நின்றது. அந்த இலையின் முன் அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“நீரே பாரும், உப்பு எங்க இருக்குன்னு. எந்தக் கல்யாணத்துலயாவது இப்படி நடக்குமா?”

ஒரு வாய் ரசத்தை உறிஞ்சினார். கண் விரிந்தது.

“நான் வச்சதா இது? சூடாக் குடிச்சா இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்கே தெரியாதே. நீராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

அதன் பிறகு அவருக்கு வாய் ஓயவில்லை. முழங்கால் வலியைச் சொன்னார். தங்கச்சி மாப்பிள்ளையின் குடியைச் சொன்னார். ஒரு கல்யாணத்தில் பாயசத்துக்குச் சர்க்கரை போட மறந்த கதையைச் சொல்லி, அவரே விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது.

“புஷ்பம் வைக்கிற ரசம் இன்னும் நல்லா இருக்கும். இப்ப உம்மகிட்டதானே இருக்கா. கேட்டுப் பாரும்.”

புஷ்பத்தைப் பற்றி இத்தனை வருடத்தில் அவர் யாரிடமும் பேசியதில்லை. கண்ணீர் வழிந்தது, ஆனால் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். சாலையில் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அது அவர் காதில் விழவில்லை.

வெகுநேரம் கழித்துக் கைகழுவிவிட்டு வந்தார். அம்மா முற்றத்தில் ரசவாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அம்மா, அவர் பக்கத்துலயே இருந்தார்மா. தோளோட தோள் இடிக்கிற மாதிரி.”

“சந்தோஷம் ஐயா.”

“இத்தனை வருஷமா எங்கம்மா போயிருந்தார்?”

அம்மா வாளியைக் கவிழ்த்து வைத்தார். அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“எங்கேயும் போகலை. பதினோரு வருஷமா அதே இடத்துலதான், தனியாச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தார்.”